அப்ப, வாப்பா எதில சாப்பிட்ட?

"சிறுவன் பொறுப்புள்ள மனிதனாக வளர்ந்துவிட்டான் என்பதையே இக்கதையின் முடிவு உணர்த்துகிறது" என்று டீச்சர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். முற்றுப்புள்ளியும் வைத்தாயிற்று. இடைவேளை மணி அடிக்கப்போகிறது. பசியில் எனக்குக் காது அடைத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான், எனக்குப் பக்கத்தில், வாங்குப் பலகையின் ஓரத்திலிருந்து அவள் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், அப்ப வாப்பா எதில சாப்பிட்ட?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவள் தொடையைப் பிடித்துக் கிள்ளினேன். இவள் வாயைத் திறந்தால் எங்கள் இடைவேளை அம்போ என்று எனக்குத் தெரியும்.

எங்கள் தமிழ்ப் பாடத்தில் இருந்த ஒரு சிறுகதை அது. ஒரு வேளாண்மைக்காரர் காய்ச்சலில் படுத்துவிடுகிறார். வயலில் கட்டியிருந்த எருது கயிற்றை அறுத்துக்கொண்டு ஆற்றுக்கு அப்பால் போய்விட்டது என்று செய்தி வருகிறது. அதுவரை தனியே வீட்டு வளவைத் தாண்டாத மகன், அம்மா தடுக்கத் தடுக்கப் புறப்படுகிறான். ஆற்றைக் கடக்கிறான், பயப்படுகிறான், ஒரு மரத்தடியில் குந்தி அழுகிறான். பொழுதுபடும் நேரம் எருதோடு வீட்டுக்கு வருகிறான். அம்மா அப்பாவின், எங்கள் வாயில் வாப்பாவின், பெரிய வெண்கலத் தட்டைக் கழுவித் துடைத்து, அதில் அவனுக்குச் சோறு போடுகிறாள். அத்தோடு கதை முடிகிறது. வாசித்தபோது நானே அழுதுவிட்டேன். நான் அப்படி இலேசில் அழுகிறவள் இல்லை.

டீச்சர் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருகிறவர். நல்ல மனிசி. கேள்வி கேட்டால் கோபிக்க மாட்டார், அதுதான் எங்களுக்குத் தொல்லை.

"அவருக்குக் காய்ச்சல்தானே பிள்ளை. கஞ்சி குடிச்சிருப்பார்."

"கஞ்சியையும் ஒண்டுல ஊத்தத்தானே வேணும் டீச்சர்?"

மணி அடித்தது. ஒருவரும் எழும்ப ஏலாது. டீச்சர் புத்தகத்தை மூடாமல் நின்றார்.

"இது தட்டப் பத்தின கதை இல்ல. பெடியன் வளந்திட்டான் எண்டதுக்கு அது ஒரு அடையாளம்."

"ஓம் டீச்சர், வளந்திட்டான்தான். அதுக்கு அந்த மனிசன் சாப்பிடுற பீங்கானயா பறிக்கிற? நாளைக்கிக் காய்ச்சல் மாறி அவர் எழும்பிச் சோத்துக்குக் குசினிக்கு வந்தா, எங்க குந்துற?"

அன்றைக்கு என் இடைவேளை போனது போனதுதான். பசியோடு கணக்குப் பாடத்தில் குந்தியிருந்ததற்கு இவளை நான் ஒரு கிழமை திட்டினேன்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் சண்டைக்கு வரமாட்டாள், அது அவளுக்குத் தெரியாத வேலை. "எண்ட பேரப் போட்டியே, மத்தவங்கட பேரெல்லாம் எங்க?" என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்லி என்னால் மாளாது.

அவள் எங்களுக்கு மூத்தவள். பெரிய பிள்ளையானதும் படிப்பை நிற்பாட்டி வீட்டில் வைத்துவிட்டார்கள். கல்முனைப் பக்கத்தில் அந்தக் காலத்தில் அது ஒரு புதினமே இல்லை. பிறகு என்ன நடந்ததோ, ஒரு நாள் காலையில் அவளுடைய வாப்பா சைக்கிள் கரியரில் அவளை ஏற்றிக்கொண்டு வந்து பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டார். சவளக்கடைப் பக்கம் ஒருவருடைய காணியில் வேளாண்மை செய்துகொண்டிருந்த மனிசன். மெலிந்த உடம்பு, முழங்கால் வரை காய்ந்த சேறு. குமர்ப் பிள்ளையை இப்படி ஊர் பார்க்கச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு திரியலாமா என்று சொந்தக்காரர்கள் குதியோ குதி என்று குதித்தார்களாம். அவர் சொன்ன பதிலை அவள் எங்களுக்கு நடித்தே காட்டுவாள். சாரனை மடித்துக் கட்டுவதுபோல் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எண்ட புள்ள, எண்ட சைக்கிள். உங்களுக்கு எங்க நோகிது?" என்பாள்.

அவள் வந்து சேர்ந்தபோது வகுப்பில் இடம் இல்லை. வாங்குகள் எல்லாம் நிறைந்திருந்தன. என் வாங்கில்தான் வந்து ஒட்டிக்கொண்டாள். பாதி உடம்பு வாங்கில், பாதி அந்தரத்தில். இடது காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, விழாமல் ஒரு வருசம் அப்படியே குந்தியிருந்தாள். நான் மற்றவர்களைத் தள்ளி இடம் எடுத்து, மூத்தவள் என்ற மரியாதையில், "உள்ளுக்க வாங்க ராத்தா" என்பேன்.

"ராத்தா எண்டு கூப்பிட்டா அடிப்பன். ஒரே வகுப்புல என்ன ராத்தா? நீ நல்லாக் குந்து புள்ள, எனக்கு இது காணும்."

எனக்கு இது காணும். எது கிடைத்தாலும் அவளுக்குப் போதும், அவள் வாயில் நான் அதிகம் கேட்டது இதைத்தான். கொடுக்காப்புளி பங்கு வைத்தாலும் இது காணும், மழைக்கு ஒரு குடையில் நாலு பேர் போனாலும் இது காணும். ஒரு தோள் முழுக்க நனைந்திருக்கும், கேட்டால் குடைக்குள் நின்றேனே என்பாள். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அவளோடு கதை கேட்பது ஒரு பெரிய வில்லங்கம். நாங்கள் குமருகள், தியேட்டருக்குப் போக ஏலாது. காக்கா என்று நான் கூப்பிடும் என் அண்ணன் கல்முனையில் படம் பார்த்துவிட்டு வந்து, சண்டைக் காட்சிக்குக் கையையும் காலையும் வீசி, எங்கள் வீட்டு மண்டபத்தில் வைத்துச் சொல்லுவார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்போம். கடைசியில் கதாநாயகனும் கதாநாயகியும் காரில் ஏறிப் போய்விடுவார்கள், எங்களுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அப்போது இவள் மெல்லக் கேட்பாள்.

"காக்கா, அந்தக் காரை ஓட்டிட்டு வந்தவர் இறங்கித்தானே சாவியக் குடுத்தார்? அவர் எப்படி வீட்ட போன?"

"அடியேய், அத யாரு பாத்த? பஸ்ஸுல போயிருப்பான்!"

"அது காடு எண்டுதானே சொன்னீங்க. காட்டுக்குள்ள ஏது காக்கா பஸ்ஸு?"

காக்கா தலையில் கை வைத்துக்கொண்டு எழும்பிப் போய்விடுவார். "ஒண்ட சிநேகிதிக்கு நான் இனிக் கதை சொல்ல மாட்டன்" என்று எத்தனை தரம் சத்தியம் பண்ணியிருப்பார். ஆனால் அடுத்த படத்துக்குப் போய் வந்ததும், முதலில் "அவள் வந்திருக்காளா?" என்றுதான் கேட்பார். அவள் இல்லாமல் கதை சொன்னால் அவருக்கே உப்பில்லாமல் போய்விட்டது.

இதெல்லாம் அவள் விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்றுதான் நான் வெகு காலம் நினைத்திருந்தேன். கந்தூரிச் சாப்பாட்டில்தான் அது விளையாட்டு இல்லை என்று எனக்கு விளங்கியது. எங்கள் ஊர்களில் விருந்து என்றால் சஹன்தான். பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, நடுவில் இறைச்சி வைத்து, சுற்றிக் குந்திக்கொண்டு எல்லோரும் ஒரே தட்டில் கை போட வேண்டியதுதான். அவரவர் முன்னால் இருப்பது அவரவர் பங்கு. நான் குந்தினால் குந்தின இடத்தில் மலை மாதிரி இருப்பேன், ஒருவரும் நுழைய ஏலாது. இவளோ முழங்காலை ஒடுக்கிக்கொண்டு, எப்போதும் பக்கத்தில் ஓர் ஆள் குந்துகிற அளவுக்கு இடம் விட்டுவிட்டுத்தான் குந்துவாள். பிந்தி வருகிறவர்கள் கதவடியில் நின்று திருதிருவென்று முழிப்பார்களே, அவர்களை இவள் கண்தான் முதலில் பிடிக்கும். "இஞ்சால வாங்க மாமி, இதுல குந்துங்க." வந்த மாமி குந்தினதும் இவள் தன் முன்னால் இருக்கிற சோற்றை விரலால் மாமி பக்கம் ஒதுக்கிவிடுவாள்.

தவணைப் பரீட்சையில் அந்தக் கதை வந்தது. முடிவு எதை உணர்த்துகிறது என்றுதான் கேள்வி. டீச்சர் சொல்லித் தந்த பதிலை நான் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினேன். விடைத்தாள் தந்த அன்று டீச்சர் முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு இருந்தது. அவளுடைய தாளை எடுத்து வாசித்தார்.

மகன் எருதோடு வருகிற சத்தம் கேட்டு அப்பா பாயில் எழும்பிக் குந்தினார், இரண்டு பேருக்கும் பசி, ஆகையால் அம்மா அப்பாவின் பெரிய தட்டிலே இரண்டு பேருக்கும் சேர்த்துச் சோறு போட்டாள், அப்பாவோடு ஒரே தட்டில் கை போடும் அளவுக்கு மகன் வளர்ந்துவிட்டான் என்பதே முடிவு. இப்படி எழுதியிருந்தாள்.

"கதையில இல்லாதத எழுதலாமா பிள்ளை?"

"அப்பா சாப்பிடல்ல எண்டும் கதையில இல்லையே டீச்சர்."

டீச்சர் வகுப்பைப் பார்த்தார். "சரி, இவள விடுங்க. மத்தவங்க சொல்லுங்க. அந்தப் பெடியன் தனியச் சாப்பிட்டதாத்தானே நீங்க எல்லாரும் நினைச்ச?"

பின் வாங்கிலிருந்து ஒருத்தி, "இல்ல டீச்சர், அப்பாட தட்டு எண்டா அப்பாவும் இரிப்பார்தானே" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக ஓம் ஓம் என்று தலையாட்டத் தொடங்கிவிட்டார்கள். பதில் மட்டும் பயந்துபோய் டீச்சருடையதை எழுதியிருந்தோம். நினைத்தது எல்லோரும் சஹனைத்தான். பெரிய தட்டு என்றால் சுற்றி ஆட்கள் இருப்பார்கள், எங்களுக்கு அப்படித்தான் கண்ணில் படும்.

டீச்சர் கதிரையில் குந்திக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அல்லாவே! உங்கட ஊர்ல கதையையும் சஹன்ல போட்டுத்தான் சாப்பிடுறீங்க" என்றார். எங்களோடு கிடந்து அவருக்கும் அல்லா வாயில் வந்துவிட்டது. ஆனாலும் அந்த விடைக்குப் புள்ளி போடவில்லை. பரீட்சைக்காரர் கேட்கிறதைத்தான் எழுத வேண்டும் என்றார். அவள் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "புள்ளி போனாப் போகுது புள்ள, அந்த மனிசன் பசியாறினாரே" என்றாள். அப்படி ஒரு மனிசன் உலகத்தில் இல்லவே இல்லை என்று அவளுக்கு விளங்கப்படுத்த யாரால் முடியும்?

அவளுக்கு அது ஏன் அவ்வளவு சுட்டது என்பதைச் சொல்ல, எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீடு அவளுக்குத்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வசதி உள்ளவர்கள் மகளுக்குப் புதிதாகக் கல்வீடு கட்டிக் கொடுப்பார்கள். ஏலாதவர்கள் இருக்கிற வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் அடுப்பெரியும் குசினிப் பக்கம் ஒதுங்குவார்கள். அதற்கும் இடம் இல்லாவிட்டால் பின் வளவில் தென்னோலைக் கிடுகால் ஒரு குடில் போட்டுக்கொள்வார்கள். இதை யாரும் கொடுமை என்று சொல்வதில்லை. மாப்பிள்ளை வருகிற வீட்டில் மாமனார் முன் அறையில் படுத்துக் கிடந்தால்தான் ஊர் சிரிக்கும்.

அவள் வீட்டில் இரண்டு பெண்கள், இவளும் தங்கச்சியும். இருந்த வீடு ஒன்று. இவளுக்கென்று பின் வளவில், கிணற்றுக்கு அங்கால், வாப்பா இரண்டாவது வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு போகமும் வெட்டி முடிய, கொஞ்சம் கல் ஏறும். யன்னல் மட்டத்துக்கு வந்துவிட்டது என்று சொல்லிச் சிரிப்பாள்.

எழுபத்தெட்டுச் சூறாவளி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. விடிந்து பார்த்தால் ஊரில் ஒரு தென்னை நிற்கவில்லை. பள்ளிக்கூடக் கூரை எங்கே போனது என்றே தெரியவில்லை. அவள் வீட்டுக்கு நான் விழுந்து கிடந்த மரங்களுக்கு மேலால் ஏறி ஏறிப் போனேன். கட்டிக்கொண்டிருந்த வீடு கல்லும் களியுமாகக் கிடந்தது. பழைய வீடு ஓடு மட்டும் பறந்து, சுவர் தப்பி நின்றது. அவள் கிணற்றடியில் குந்தியிருந்தாள்.

"வாப்பா விழுந்த செவரப் பாக்கவே இல்ல புள்ள" என்றாள். "பழைய வீட்டத்தான் பாத்திட்டு நிண்டார். வெகு நேரம் நிண்டார். எனக்கு விளங்கிட்டு."

எனக்கும் விளங்கியது. இனி ஒரு வீடுதான். மூத்தவளுக்கு அது. வாப்பா எழும்ப வேண்டியதுதான்.

பள்ளிக்கூடம் வெகு காலம் திறக்கவில்லை. திறந்தபோது அவள் வரவில்லை. வாங்கில் எங்களுக்குத் தாராளமாக இடம் இருந்தது. அந்த இடம் எனக்கு நல்லாகவே இல்லை, வெறிச்சென்று கிடந்தது.

இரண்டொரு வருசத்தில் கலியாணம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை கல்முனைச் சந்தைப் பக்கம் தையல் கடையில் வேலை. அவளுக்கும் விருப்பம்தான், கன்னத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் ஒன்றே ஒன்று சொல்லிக்கொண்டிருந்தாள்: "வாப்பாட கட்டில் அசையக் கூடாது." உம்மா அழுது பார்த்தார். மாமிமார் வந்து புத்தி சொன்னார்கள். வாப்பா மட்டும் "ஓம் மகள், பாப்பம்" என்று தலையாட்டிக்கொண்டு திரிந்தார். எனக்கு அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை இல்லை.

கலியாண நாள். காவின் என்ற கலியாணப் பதிவு எழுதி முடிந்து, முன் மண்டபத்தில் மாப்பிள்ளைக்கும் தோழர்களுக்கும் சஹன் வைத்தாயிற்று. சாப்பிட்டு முடிய மாப்பிள்ளை உள்ளே வந்து தாலி கட்ட வேண்டும். நான் அறைக்குள் அவளுக்குப் பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருந்தேன். முக்காட்டுக்குள்ளிருந்து அவள் கேட்டாள்.

"வாப்பா எதில சாப்பிட்ட?"

"என்னடி, இப்பவும் உனக்கு அதுதானா? எங்கயாவது சாப்பிட்டிருப்பார்."

"போய்ப் பாத்திட்டு வா புள்ள. எண்ட தங்கமல்ல."

திட்டிக்கொண்டே எழும்பிப் போனேன். பக்கத்திலிருந்த முன் அறைக்குள் பார்த்தேன், வாப்பாவின் கட்டில் இல்லை. பின்னால் போனேன். எல்லோரும் முன்னால் மும்முரமாக இருக்கிற நேரம் பார்த்து, அந்த மனிசன் தன்னுடைய கட்டிலைத் தனியாளாகத் தோளில் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய்க்கொண்டிருந்தார். புதுச் சாரன், வெள்ளைத் தொப்பி, தோளில் கட்டில். என்னைக் கண்டதும் களவெடுத்த பிள்ளை மாதிரி நின்றுவிட்டார்.

"மகள், அவக்குச் சொல்லிறாத."

எனக்கு வாய் நிற்குமா? நேரே போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை, சத்தம் போடவுமில்லை. "அப்ப நான் இந்த அறையை விட்டு வெளியால வர மாட்டன். தாலியும் வேணாம். கட்டில் வந்தாத்தான் நான் வருவன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். யா அல்லாஹ்! மாமிமார் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று ஒருத்தி கதவைச் சாத்தினாள்.

சாத்தின கதவைத் திறந்துகொண்டு நான் முன் மண்டபத்துக்குப் போனேன். இன்றைக்கு நினைத்தாலும் என் தைரியத்தை நானே மெச்சிக்கொள்கிறேன். ஆம்பிளைகள் குந்தியிருக்கிற இடத்துக்கு ஒரு குமர் போகக் கூடாது. நான் கதவு மறைவில் நின்று, தலைச் சீலையை இழுத்து விட்டுக்கொண்டு, மாப்பிள்ளைக்குக் கேட்கச் சொன்னேன்.

"மச்சான், உங்கட மாமா கட்டிலத் தூக்கிட்டுக் குசினிக்குப் போறார். அவர் திரும்பி வந்தாத்தான் பொண்ணு வெளியால வருமாம்."

மாப்பிள்ளை வாயில் சோற்றோடு என்னைப் பார்த்தார். தோழர்கள் கை அப்படியே நின்றுவிட்டது. இப்போது என்ன பூகம்பம் வரப்போகிறதோ என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மெல்ல எழும்பினார். கையைக் கழுவினார். பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் கட்டிலின் ஒரு பக்கத்தை மாப்பிள்ளையும் மறுபக்கத்தை மாமனாரும் பிடித்துக்கொண்டு, கதவு நிலையில் இடித்து இடித்து, முன் அறைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். மாப்பிள்ளையின் புதுச் சட்டையில் கரி. வெட்கத்தில் மாமனாருக்குத் தலை நிமிரவில்லை. மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்துச் சஹனடிக்குக் கூட்டிக்கொண்டு வந்து, தான் ஒதுங்கிக் குந்திக்கொண்டு, "மாமா, இதுல குந்துங்க" என்றார்.

நான் அறைக்கு ஓடிப் போய்ச் சொன்னேன். "ஒண்ட வாப்பா மாப்பிள்ளையோட ஒரே சஹன்ல சாப்பிடுறார்டி. போதுமா?"

முக்காட்டுக்குள் அவள் சிரித்தாள். "டீச்சருக்குச் சொல்லோணும்" என்றாள்.

ஊர் கொஞ்ச நாள் சிரித்தது. பிறகு விட்டுவிட்டது. கட்டில் முன் அறையிலேயே கிடந்தது. அவள் வீட்டுக்கு நான் போகும்போதெல்லாம் மாமனாரும் மருமகனும் சேர்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருக்கும். என் வாயால் நடந்த காரியமல்லவா.

எனக்கும் கலியாணம் முடிந்து, என் புருசனுடைய வேலையால் பொத்துவிலுக்குப் போய்விட்டேன். எண்பதுகளின் நடுவில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் வந்து ஊர் கெட்டுப்போனது. பாண்டிருப்பிலிருந்து டீச்சர் வருவது நின்றுவிட்டது. நாங்களும் பயணம் போவதென்றால் ரோட்டு எப்படி என்று விசாரித்துத்தான் புறப்படுவோம். அவளைக் கண்டு வெகு நாளாகிவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் அவள் தங்கச்சியின் கலியாணத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். முன் அறையை எட்டிப் பார்த்தேன். வாப்பாவின் கட்டில் அதே இடத்தில் இருந்தது. மனிசன் நன்றாகக் கிழண்டுபோய், புதுச் சாரன் உடுத்துக் கட்டிலில் குந்தியிருந்தார். எனக்கு மனம் குளிர்ந்தது. ஆனால் மற்ற அறையில் அவளுடைய அலுமாரி இல்லை. தையல் மெசின் இல்லை. புது மெத்தை, புதுத் திரைச்சீலை, எல்லாம் தங்கச்சிக்கு.

பின்னால் போனேன். கிணற்றுக்கு அங்கால், இரண்டாவது வீடு விழுந்த அந்த இடத்தில், புதுக் கிடுகு வேய்ந்த ஒரு குடில். வாசலில் தையல் மெசின். அவளுடைய புருசன் ஏதோ தைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தன. அவள் பெரிய சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

"உனக்கென்ன பைத்தியமா? ஒண்ட வீடல்லவா அது? எழுதித் தந்த வீடு!"

"மெல்லக் கதை புள்ள, சின்னவளுக்குக் கேட்கும். அவளுக்கு வீடு வேணாமா? வீடில்லாம யாரு அவளக் கட்டுவாங்க?"

"அப்ப வாப்பாவும் உம்மாவும் இஞ்ச வரட்டுமே. ஊரெல்லாம் அப்படித்தானே."

"வாப்பாட கட்டில் அசையக் கூடாது எண்டுதானே நான் அண்டைக்கி வெளியால வராம இருந்த." சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "வாப்பா எழும்பாட்டி வேற யாராவது எழும்பத்தான் வேணும். இவரும் ஓம் எண்டுட்டார். எனக்கு இது காணும்."



விருந்து நடந்தது. அவள் ஓடி ஓடிச் சஹன் வைத்தாள், தண்ணீர் வைத்தாள், கதவடியில் நிற்கிறவர்களைப் பிடித்துக் குந்த வைத்தாள். வாப்பாவைப் புது மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் குந்த வைத்து, இறைச்சி காணுமா என்று எட்டிப் பார்த்தாள். எல்லோரும் சாப்பிட்டார்கள். எழும்பினார்கள். நானும் சாப்பிட்டுவிட்டேன், ஆனால் என் கண் அவளை விட்டு அகலவில்லை. ஒரு சஹனிலும் அவள் குந்தவில்லை. அப்போதுதான் எனக்குத் திடுக்கென்றது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து இவள் யார் யாருக்கோ இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு வருகிறாள். கார்க்காரனுக்குக் கேட்டாள், கதைக்குள் கிடந்த மனிசனுக்குக் கேட்டாள், வாப்பாவுக்குக் கேட்டாள். இவளுக்கு அதை யார் கேட்டது? நான் கேட்டேனா?

குசினிக்குப் போய் ஒரு பீங்கானில் சோறு போட்டேன். அடியில் இருந்த இறைச்சியைத் தேடி எடுத்து மேலே வைத்தேன். கிணற்றடியில், கலியாணத்துக்கென்று இரவல் வாங்கின வாங்கு ஒன்று கிடந்தது. அவள் அதன் ஓரத்தில், ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, பாதி உடம்பு அந்தரத்தில் தொங்கக் களைத்துப் போய்க் குந்தியிருந்தாள். வாங்கில் வேறு ஒருவரும் இல்லை.

நான் அவள் முன்னால் போய் நின்றேன்.

"நீ எதில சாப்பிட்ட?"

நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கத்தான் பார்த்தாள். சிரிப்பு பாதியில் கோணிப்போய், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டத் தொடங்கியது. சீலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் பீங்கானை வாங்கின் நடுவில் வைத்துவிட்டு, ஒரு பக்கத்தில் குந்தி, "இஞ்சால வா" என்றேன்.

இது காணும் என்று சொல்லுவாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஊன்றியிருந்த காலைத் தூக்கி மடித்து, வாங்கில் நன்றாக ஏறி, முழுசாகக் குந்தினாள். சோற்றைப் பிசைந்து முதல் பிடியை என் பக்கம் ஒதுக்கப் போனவளின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நான் சாப்பிட்டுட்டன். நீ சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள்.